மஞ்சள் டப்பாவில் ஒரு ரோட்டர்

சீர் தட்டு பதினொன்றா பதின்மூன்றா என்று மோகனூர் அருணகிரி வீட்டில் ஒரு வாரமாக நடந்த வழக்கு தீர்ந்துவிட்டது. பதின்மூன்று என்று முடிவாயிற்று. தீராமல் கிடப்பது மூத்த மருமகள் மஞ்சுளாவின் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேலம் சூரமங்கலத்தில் வாக்கப்பட்ட நாத்தனார் ராசாத்தியின் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் இன்றைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவும் அப்பாவின் அம்பாசடரில்தான் வர வேண்டும் என்று ராசாத்தி சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் காதுகுத்து, பூப்பு, புதுவீட்டுப் பால்காய்ச்சு எல்லாவற்றுக்கும் அந்த எண்பத்து நாலாம் வருட வண்டியில்தான் சீர் போனது. ஒவ்வொரு தடவையும் மஞ்சுளாதான் முன்சீட்டில் முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனாள். அவள்தான் முதலில் இறங்கினாள்.

இந்தத் தடவை அவள் புருஷன் முருகானந்தம் கரும்புக்காட்டு வரப்பில் பைக்கோடு சாய்ந்து இடது கையை உடைத்துக்கொண்டான். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். வண்டியை யார் ஓட்டுவது?

"அகல்யா ஓட்டட்டும்" என்றார் மாமனார் அருணகிரி. "மொதத் தட்டையும் அந்தப் புள்ளையே எடுத்துட்டு எறங்கட்டும். புது மருமவ."

இரண்டு தீர்ப்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர் வெற்றிலை போடப் போய்விட்டார். யாரும் மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் புதன்கிழமை இத்தனை சங்கடம் வந்திருக்காது.

அகல்யா இளைய மருமகள். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் புருஷன், கொழுந்தன் சந்திரசேகருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மூன்று மாதத்தில் மூன்று தடவைதான் வீட்டுக்கு வந்தான். இவள் அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். சோறாக்கத் தெரியுமோ தெரியாதோ, பானெட்டுக்குள் தலையை விடத் தெரியும். அது போதாதா இந்த வீட்டு ஆண்களுக்கு?

காலை ஏழரைக்கு, வாசலில் தட்டுகள் மஞ்சள் துணி போர்த்தி வரிசையாக இருந்தன. டிக்கியில் அகல்யா தன் பெட்டியை முதல் ஆளாக ஏற்றியிருந்தாள். ஓர் இரவுக் கல்யாணத்துக்கு வெளிநாடு போகிறவள் மாதிரி இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று மஞ்சுளாவுக்கு அதுவும் ஓர் எரிச்சல். அகல்யா சுடிதாரோடு வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள்.

செல்ஃப் நன்றாகவே சுற்றியது. வண்டி பிடிக்கவில்லை.

மறுபடி திருகினாள். சுற்றியது. பிடிக்கவில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே.

சமையலறை ஜன்னலோரம் நின்ற மஞ்சுளா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காரணம், அந்த வண்டிக்கு என்ன ஆனது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுப் பொழுது சாய எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம். மஞ்சுளா பானெட்டைத் தூக்கினாள். நாலு தடித்த ஒயர் நாலு பிளக்குக்கும், நடுவில் ஒன்று காயிலுக்கும் போகிற கருப்பு மூடியின் இரண்டு கிளிப்பைத் தள்ளினாள். உள்ளே கட்டைவிரல் அளவில் பித்தளைத் தகடு வைத்த ஒரு கருப்புக் குமிழ் இருந்தது. அதுதான் ரோட்டர். காயிலில் இருந்து வருகிற கரண்டை நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கு போடுவது அது. மேலே இழுத்தாள், கையோடு வந்துவிட்டது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் டப்பாவுக்குள் அதைப் புதைத்தாள்.

காரைப் பற்றி வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. இது மட்டும் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், தலைதீபாவளிக்குத் துணி எடுக்க புருஷனும் அவளும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார்கள். அப்போது கார் திருட்டு அதிகம். முருகானந்தம் வண்டியை நிறுத்தியதும் ரோட்டரைக் கழற்றித் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

"முந்தானைல முடிஞ்சு வெச்சுக்க. இது உங்கிட்ட இருக்கற வரைக்கும் வண்டி எங்கயும் போவாது."

அந்த மனுஷன் பதினெட்டு வருடத்தில் ஆசையாகப் பேசியது என்று மஞ்சுளா கணக்கு வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதன் பிறகு சேலம் போகும்போதெல்லாம் அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த இடத்துக்கு இப்போது ஒருத்தி வந்து ஸ்டீரிங்கைப் பிடித்தால்?

எடுத்துவிட்டாளே தவிர, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடியற்காலையில் முதல் தட்டுக்கு மஞ்சள் எடுக்க டப்பாவைத் திறந்தபோது ரோட்டர் அவளைப் பார்த்து விழித்தது. சீருக்கு வைக்கிற மஞ்சளில், சீரைத் தடுக்கிற சாமான். கல்யாணப் பெண்ணின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. தப்பு, பெரிய தப்பு என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள். யாரும் எழுவதற்குள் ரோட்டரைத் திரும்ப வைத்து மூடியை மாட்டிவிட்டாள்.

பிறகும் ஏன் வண்டி எடுக்கவில்லை? வைத்ததில்தான் ஏதோ தப்பு. என்ன தப்பு என்று புரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க அவள் வாசலுக்கு வந்தாள்.

வாசலில் மாநாடு கூடியிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் வந்துரும்" என்றார் அருணகிரி. "தள்ளிப் பாக்கலாமா?"

"கட்டுப் போட்ட கையில நானு, மூச்சு வாங்கற நீங்க. ஆரு தள்றது?" என்றான் முருகானந்தம். "ஒரு வேன் சொல்லிப்போடலாமுங்கப்பா."

"வாடகை வேன்ல சீரு கொண்டுபோயி எறக்குனா சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? இருக்கற ஒரு காரும் படுத்துக்கிச்சான்னு கேக்க மாட்டாங்களா?" அவர் குரல் கம்மியது. "ராசாத்தி தெருவு முனையிலயே வந்து நிப்பா, இந்தக் காரப் பாக்க."

அகல்யா இதற்குள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"ஒரு பத்து நிமிசம் குடுங்க பெரியமாமா. பாத்துப்போடறேன்" என்றாள். மாமனாரைப் பெரியமாமா என்றும் முருகானந்தத்தை மாமா என்றும் கூப்பிடுவது அவள் வழக்கம். கூப்பிடுகிற விதத்திலேயே இரண்டு பேரும் கவிழ்ந்துவிட்டதாக மஞ்சுளாவின் அபிப்பிராயம்.

அகல்யா முதலில் ஹாரனை அழுத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

"பேட்டரி நல்லாருக்கு. செல்ஃபும் சுத்துது. பெட்ரோல் நேத்துத்தான் போட்டோம். அப்ப கரண்ட்டுதான் எங்கியோ நிக்குது மாமா."

ஒரு பிளக்கைக் கழற்றி, அதை அதன் ஒயரிலேயே மாட்டி, எஞ்சின் இரும்பு மேல் படும்படி வைத்தாள். மாமனாரைச் சாவி திருகச் சொன்னாள். எஞ்சின் சுற்றியது. பிளக்கின் முனையில் ஒரு பொறி கூட இல்லை.

"பாத்தீங்களா, பிளக்குக்குக் கரண்டே வரல."

"நானா இருந்தா பிளக்கு போயிருச்சுன்னு நாலையும் மாத்தியிருப்பேன்" என்று முருகானந்தம் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மஞ்சுளாவுக்குக் காது சுட்டது. கை உடைந்த இரண்டு வாரமாக அவனுக்குப் பிசைந்து ஊட்டாத குறைதான். ஒரு நாளாவது இந்தச் சிரிப்பு வந்ததா? பிளக்கைப் பார்த்தால் வருகிறது.

"காப்பி வெக்கட்டுமா?" என்று கேட்டாள், பேச்சை மாற்ற. யாருக்கும் காதில் விழவில்லை.

அகல்யா மூடியின் நடு ஒயரைப் பிடுங்கினாள். கொடியில் கிடந்த பிளாஸ்டிக் துணிக் கிளிப்பால் அதைக் கவ்வி, இரும்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "இப்பத் திருகுங்க பெரியமாமா."

சடக் சடக்கென்று நீலப் பொறி பறந்தது.

"காயில் வரைக்கும் நல்லா வருது" என்றாள் அகல்யா. அவள் விரல் கருப்பு மூடியைத் தொட்டது. "இந்த மூடிக்குள்ள போறது வெளியே வரல. இதுக்குள்ளதான் என்னமோ ஆயிருக்கு."

"அதுல ஒண்ணும் இருக்காது" என்றாள் மஞ்சுளா சட்டென்று. "அத எதுக்குத் தொறந்துக்கிட்டு? அத ஆரும் தொடவே இல்ல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாகிவிட்டது. மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கார் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காதவள்.

அகல்யா மட்டும் மூடியின் பக்கம் குனிந்தாள். கிளிப்பைத் தள்ளி மூடியைத் தூக்கினாள். உள்ளே ஆவி படிந்து பனித்திருந்தது. ரோட்டரை இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் இருந்த குழியிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் அவள் உள்ளங்கையில் விழுந்தது. மஞ்சள் தண்ணீர்.

மஞ்சுளாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்ததை மஞ்சள் டப்பாவில் போட்டோமே, அப்படியே எப்படித் திரும்ப வைப்பது என்று விடியற்காலையில் குழாயடியில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எடுத்த சாமானைக் கழுவாமல் எடுத்த இடத்தில் வைத்துப் பழக்கம் இல்லாத கை. டம்ளர் கழுவிக் கவிழ்க்கிற மாதிரி கழுவி, முந்தானையில் மேலாகத் துடைத்து, ஈரத்தோடு மாட்டிவிட்டாள். கரண்ட் போகிற இடத்தில் தண்ணீர். திருடியது கூட வண்டியை நிறுத்தவில்லை. சுத்தம் நிறுத்திவிட்டது.

அகல்யாவின் கண் உள்ளங்கையிலிருந்து மெல்ல எழுந்தது. வாசலில் போட்ட கோலத்தைத் தாண்டி, தட்டுகளைத் தாண்டி, மஞ்சுளாவின் முந்தானை நுனியில் வந்து நின்றது. அங்கே ஒரு மஞ்சள் கறை. பக்கத்தில் ஒரு கிரீஸ் கறை.

இப்போது சொல்லப் போகிறாள் என்று மஞ்சுளா நினைத்தாள். சொல்லட்டும். மகள் சீரைத் தடுத்த மருமகள் என்று ஊர் சொல்லட்டும். 

"என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்றார் அருணகிரி.

அகல்யா உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். "ஒண்ணுமில்லீங்க பெரியமாமா. ஆத்தோரப் பனி எறங்கிருக்கு. உள்ளார ஈரம். காய வெச்சாச் செரியாயிரும்." பிறகு மஞ்சுளாவைப் பார்த்தாள். "அக்கா, என்ற ரூம்ல தலை காய வெக்கற மிசினு இருக்கு. எடுத்துட்டு வாரீங்களா?"

ஊட்டுக்குள் தலை காய வைக்க ஒரு மிஷினா என்று இரண்டு மாதமாக மஞ்சுளா கேலி பேசிய சாமான் அது.

அதை எடுக்க அகல்யாவின் அறைக்குள் போனாள். பீரோ திறந்து கிடந்தது. இன்றைக்குக் கட்டிக்கொள்ளக் கட்டிலில் எடுத்து வைத்த ஒன்றைத் தவிர, உள்ளே ஒரு சேலை கூட இல்லை. இருக்கிற பட்டுச் சேலையெல்லாம் அள்ளிக்கொண்டாளா, ராசாத்தி வீட்டில் மாற்றி மாற்றிக் கட்டிக் காட்டவா என்று இந்த நேரத்திலும் மனசு போன போக்கை என்ன சொல்ல? கம்பியில் ஒரே ஒரு சட்டை தொங்கியது. சந்திரசேகருக்குக் கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டை. விலைச்சீட்டுக் கூடக் கிழிக்கவில்லை. சேலத்துக்கு நேராக வருகிறேன் என்றவனுக்கு இதை எடுத்து வைக்க மறந்துவிட்டாள் போல. மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டே மிஷினோடு வெளியே வந்தாள்.

ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, அகல்யா மூடியையும் ரோட்டரையும் பொறுமையாக உலர்த்தினாள். குழிக்குள் துணி நுனியை முறுக்கி விட்டு மஞ்சளைத் துடைத்து எடுத்தாள். எல்லாவற்றையும் மாட்டினாள். சாவியைத் திருகினாள்.

ஒரு சுற்றுதான். வண்டி கனைத்துக்கொண்டு பிடித்தது. அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேங்காய் சுற்றிப் போட ஓடினார்.

பட்டுச் சேலைக்கு மாறி வந்த அகல்யா முதல் தட்டை எடுத்தாள். நேராக மஞ்சுளாவிடம் வந்து நீட்டினாள்.

"ஓட்டறவ மடியில தட்டு எப்படீங்க்கா நிக்கும்? நீங்க புடிங்க. முன்னாடி உக்காருங்க. நீங்களே மொதல்ல எறங்குங்க."

மாமனாரும் தலையாட்டினார். வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார்.

மஞ்சுளாவுக்கு முன்சீட்டும் கிடைத்தது, முதல் தட்டும் கிடைத்தது. கேட்டது எல்லாம் கிடைத்தது. கிடைத்த விதம்தான் இனிக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இப்படிக் காப்பாற்றிவிட்டவளை என்ன செய்வது? நாமக்கல் மலைக்கோட்டை தாண்டி, ராசிபுரம் தாண்டி, அவள் வாயைத் திறக்கவில்லை. பின்சீட்டில் முருகானந்தமும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் சொல்லி வைத்த பட்டு வேட்டியையும் கற்கண்டையும் வாங்க வேண்டும். பதினொன்றுக்குள் வந்துவிட்டார்கள். ஆட்டோக்களுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவில் அகல்யா வண்டியை அழகாகச் சந்து வாயில் நிறுத்தினாள். அருணகிரி கடைக்குள் போனார்.

முருகானந்தம் இறங்கி முன்னால் வந்தான். "பானெட்டத் தொறம்மா. ரோட்டரக் கழட்டிக் குடு" என்றான் அகல்யாவிடம்.

"பகல்லயேவா மாமா? இந்தக் காலத்துல ஆரு இதத் திருடப் போறாங்க?"

"பழக்கம்மா."

அகல்யா கழற்றிக் கொடுத்தாள். முருகானந்தம் வலது கையில் வாங்கினான். மூக்கருகில் கொண்டுபோனான். சோப்புத்தூளின் எலுமிச்சை வாசம் இன்னும் போயிருக்காது. மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டாள். ரோட்டர் எங்கே இருக்கும், எப்படிக் கழற்றுவது என்று அகல்யாவைத் தவிர அந்த வீட்டில் தெரிந்தவர்கள் மூன்று பேர். மாமனாருக்குக் குனிய முடியாது. முருகானந்தத்துக்குக் கை இல்லை.

அவன் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் ரோட்டரை வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"பதினெட்டு வருசமா இது உங்கிட்டத்தான இருந்துச்சு" என்றான் மெதுவாக. "எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நேத்தே குடுத்திருப்பேன் புள்ள. கழுவுனதக் காய வெச்சாவது மாட்டியிருக்கலாம்."

சொல்லிவிட்டு அப்பாவுக்குத் துணையாகக் கடைக்குள் போய்விட்டான்.

மஞ்சுளாவுக்குக் கண் நிறைந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானை நுனியில் ரோட்டரை வைத்து முடிந்தாள். நிமிர்ந்தபோது பானெட்டுக்கு அந்தப் பக்கம் அகல்யா நின்று கொண்டிருந்தாள். அவள் மஞ்சுளாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முடிச்சையே பார்த்தாள்.

அந்தப் பார்வை மஞ்சுளாவுக்குப் புதிது இல்லை. மூன்று மாதமாகக் கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அது பொறாமை.

இவளுக்கா? என்மேலா?

அகல்யாவின் போன் அடித்தது. சந்துரு என்று புருஷன் பெயர் வந்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எடு சாமி, வந்துட்டு இருக்காரோ என்னமோ" என்றாள் மஞ்சுளா.

"வரலீங்க்கா. வரமாட்டாருன்னு நேத்தே தெரியும்." அகல்யாவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நேத்துக் கூப்பிட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. அவரு குளிச்சிட்டு இருக்காருன்னு சொல்லுச்சு."

காலி பீரோவும் விலைச்சீட்டு கிழிக்காத சட்டையும் டிக்கியில் இருக்கிற பெரிய பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சுளாவின் கண்ணுக்கு முன் வந்தன. ராசாத்தி வீட்டில் கட்டிக் காட்ட எடுத்த சேலைகள் இல்லை அவை.

"காலைல அந்த மஞ்சத் தண்ணியப் பாத்தப்ப எனக்குக் கோவமே வரலீங்க்கா. வயித்தெரிச்சல்ல கை என்னென்ன செய்யும்னு எனக்கும் தெரியும்." அகல்யா டிக்கி பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சீரை எறக்கி வெச்ச கையோட வண்டிய எடுத்துட்டு நேரா ஓசூரு போயிடறதுன்னு இருந்தேன். இப்பவும் அப்படித்தான் இருக்குது. நாளைக்குக் கலியாணம் நடக்கற ஊட்டுல, இன்னிக்கு நான் அப்படிப் போனா என்ன ஆகுமுன்னு தெரிஞ்சும்."

மஞ்சுளா முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டாள். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"சூரமங்கலத்துல சீரை எறக்குனதும் ரோட்டர நானே கழட்டி உங்க கையில குடுத்துடறேன்" என்றாள் அகல்யா. "தாலி கட்டி முடியற வரைக்கும் நீங்களே முடிஞ்சு வெச்சிருங்க. நான் அழுதுட்டு வந்து கேட்டாலும் எங்கிட்டக் குடுத்துறாதீங்க்கா."

கடை வாசலில் வேட்டிப் பையோடு அருணகிரி இறங்கி வருவது தெரிந்தது. மஞ்சுளா முந்தானையில் போட்ட முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.